ஹேண்ட்ஸ் ஃப்ரீ: கையில்லாப் பேசியா, கைபடாப் பேச்சா?

செல்போன் கடையில் 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்று கேட்டால் மைக் வைத்த ஒயர் இயர்போனை எடுத்து நீட்டுவார்கள். கார் உதிரிப்பொருள் கடையில் அதையே கேட்டால் சிகரெட் லைட்டர் துளையில் செருகி, போன் ஒலியைக் கார் ரேடியோவில் கேட்கவைக்கும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வரும், அல்லது சன் வைசரில் மாட்டும் சின்ன ஸ்பீக்கர் வரும். இத்தனைக்கும் ஒரே பெயர். வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுக்காமல் பேச உதவும் எதுவும் ஹேண்ட்ஸ் ஃப்ரீதான்.

இதைத் தமிழில் சொல்லப் போனால் முதல் இடறல் அந்த 'ஃப்ரீ'. ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் வாலாக அது வரும்போது பெரும்பாலும் 'இல்லாத' என்று பொருள். சுகர் ஃப்ரீ என்றால் சர்க்கரை இல்லாதது. வட்டியில்லாக் கடன், வரியில்லா பட்ஜெட் என்று நாமும் அதைச் சுலபமாகத் தமிழாக்கிவிட்டோம். அதே அச்சில் வார்த்தால் 'கையில்லாப் பேசி' என்று வரும். பேசிக்கு ஏது கை? 'கையற்ற' என்று மாற்றினால் இன்னும் மோசம். கையறுதல் என்றால் தமிழில் செயலற்றுப் போவது. தலைவனை இழந்தவர்கள் புலம்பும் பாடல்களுக்குப் புறநானூற்றில் கையறுநிலை என்றே துறை உண்டு. பாரி மகளிர் பாடிய 112-ஆம் பாட்டு அந்தத் துறைதான். காரில் மாட்டும் கருவிக்கு அந்தச் சோகம் வேண்டாம். 'கைவிட்ட பேசி' என்றால் குப்பையில் போட்டதாகிவிடும்.

இங்கே 'ஃப்ரீ'க்கு 'வேலையில்லாமல் இருப்பது' என்று பொருள். கை இருக்கிறது, ஆனால் போனுக்கு அது தேவையில்லை, ஸ்டீயரிங்குக்கு விட்டாயிற்று. பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் 'விடுபட்ட கைகள்' என்றே நேராகப் பெயர்த்துக்கொண்டார்கள். ஜெர்மானியர்கள் கையை விட்டுவிட்டு 'விடுதலையாகப் பேச உதவும் அமைப்பு' என்று பேச்சின் பக்கம் போனார்கள். எனக்கு ஜெர்மன் வழி பிடிக்கிறது. ஆனால் தமிழில் கையை விட முடியாது. நம் பேசியின் பெயரிலேயே கை இருக்கிறதே! இங்கே கைபேசி, இலங்கையில் கையடக்கத் தொலைபேசி.

அதனால் என் தேர்வு 'கைபடா'. 'கைபடாமல் தயாரித்தது' என்று தின்பண்டப் பொட்டலங்களில் எல்லோரும் படித்திருப்போம். பொருள் உடனே புரியும். வாடா மலர், பொய்யா விளக்கு போல இதுவும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கைபடாப் பேச்சு, கைபடாப் பேச்சுக் கருவி. எதிர்ச்சொல்லும் தானே கிடைக்கிறது: கையில் பிடித்துப் பேசுவது. இந்தியச் சட்டம் கவனிப்பது அந்த எதிர்ச்சொல்லைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில் 2019-இல் வந்த திருத்தம், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. முதல் தடவைக்கு அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கடைகளில் இதை 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ கிட்' என்றும் சொல்வார்கள். அந்தக் 'கிட்' வந்த வழியும் சுவையானது. மரச்சட்டங்களை வளையம் போட்டு இறுக்கிய பாத்திரத்துக்கு இடைக்கால டச்சு மொழியில் கிட்டெ என்று பெயர். ஆங்கிலத்தில் அது மரத்தொட்டியாகி, பிறகு சிப்பாயின் மூட்டைச் சாமானாகி, கடைசியில் எந்தச் சாமான் தொகுதிக்கும் பெயரானது. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் கிட்டை 'ஊட்டச்சத்துப் பெட்டகம்' என்கிறோம். சரி, அது பெட்டியில் வருகிறது. காரில் திருகி மாட்டியபின் பெட்டகம் எங்கே? கருவி என்றாலே போதும்.

அப்புறம் புளூடூத். 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்டின் பட்டப்பெயர் அது. சிதறிக் கிடந்த பகுதிகளை அவன் ஒன்றாக்கியதுபோல இந்த நுட்பமும் கருவிகளை இணைக்கும் என்று, 1997-இல் இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக் முன்மொழிந்தார். 'ஊடலை' என்றொரு தமிழ்ச்சொல் புழங்குகிறது; ஊடு, அலை. நல்ல முயற்சிதான், ஆனால் 'ஊடலை' என்று படித்தால் ஊடலோடு இரண்டாம் வேற்றுமை சேர்ந்ததாகத் தோன்றுகிறது. போனும் காரும் இணைய மறுத்து முறுக்கிக்கொள்ளும் நாள்களில் அதுவும் பொருத்தமே. ஆள்பெயர் என்பதால் நான் புளூடூத் என்றே எழுதுகிறேன்.

வாங்கும்போதும் இந்தப் பெயர்களைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் புளூடூத் என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. பாட்டு அனுப்பும் முறைக்கு ஏ2டிபி என்றும், அழைப்புக்கு ஹேண்ட்ஸ் ஃப்ரீ புரொஃபைல், சுருக்கமாக ஹெச்.எஃப்.பி. என்றும் பெயர். முதலாவது மட்டும் உள்ள மலிவான கருவியில் பாட்டு கேட்கும், போன் பேச முடியாது. எஃப்.எம். டிரான்ஸ்மிட்டருக்குக் காலி அலைவரிசை வேண்டும். சென்னைக்குள் அது லேசில் கிடைக்காது. அதன் மைக் கியர் பக்கத்தில் கிடப்பதால் ஏசி இரைச்சலையும் சேர்த்து அனுப்பும். தனி மைக்கை ஒயரில் இழுத்து வாய்க்கு நேரே, சன் வைசர் பக்கம் பொருத்த வசதியுள்ள கருவிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.