வகுப்பறைக்குள் புகுந்த ஆமை

கோபிசெட்டிபாளையம் பக்கம் மாட்டு டாக்டராக இருப்பவனுக்கு விடிகாலையில் வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "மாடு ராத்திரியிலிருந்து அசை போடலீங்க, வெரசா வாங்க." ஒரு வேளைத் தீனி தவறினாலே நம் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். மாடு கத்தி ஊரைக் கூட்டிவிடும்.

ஆமை கத்தாது.

போன ஆண்டு ஒரு தொடக்கப்பள்ளி டீச்சர் பிளாஸ்டிக் பக்கெட்டோடு வந்தார். கூடவே நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர். உள்ளே கன்னத்தில் சிவப்புப் பட்டை போட்ட, கடையில் விற்கும் அமெரிக்க ஆமை. இரண்டு கண்களும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. ஓட்டின் ஓரத்தை விரலால் அழுத்தினால் ரப்பர் போல வளைந்தது. எப்போதிருந்து தின்னவில்லை என்று கேட்டேன். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். கடைசியில் பிள்ளைகளில் ஒருத்தி சொன்னாள்: "தீபாவளி லீவுக்கு முந்தி தின்னுச்சுங்க சார்." அப்போது கார்த்திகை பாதி முடிந்திருந்தது.

யாரும் கொடுமை செய்யவில்லை. தொட்டியை வெளிச்சம் வரும் ஜன்னலோரம்தான் வைத்திருந்தார்கள். ஆனால் ஓடு கெட்டிப்படக் கால்சியம் உடம்பில் சேர வேண்டும். அதற்கு வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், வெளிச்சத்தை மட்டும் விடும். தீனி காய்ந்த இறால் மட்டுமே. அதனால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கியது. ஏறி உலர ஒரு கல் கூட இல்லை. ஊர்வனவற்றின் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த்தான் சமாளிக்கும். தண்ணீர் குளிர்ந்தால் தின்றது செரிக்காது. சித்திரை லீவில் சிமெண்ட் ஷீட் போட்ட வகுப்பறையைப் பூட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். நான் பார்த்தவரை, வீடு புகுந்த ஆமைதான் உருப்படுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்காலில் பிடித்த பாலாமை, மேட்டாங்காட்டில் கிடைத்த நட்சத்திர ஆமை, உடும்பு, பச்சோந்தி இவற்றை "பசங்க பார்க்கட்டும்" என்று வகுப்பில் வைக்கவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாலாமையும் உடும்பும் அந்தச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் உள்ளவை. சிறை 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டு வரை. யாராவது கொண்டுவந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சரி, தொடுவது. பிள்ளைகள் ஆமையை பிஸ்கட் எடுப்பது போல மேலிருந்து ஒரு கையால் எடுப்பார்கள். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. தலையை இழுத்துக்கொண்டால் "வெக்கப்படுது சார்" என்று சிரிப்பார்கள், அது பயம். பக்கவாட்டில் இரண்டு கைகளையும் கொண்டுபோய், முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே, அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிள்ளை தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே ஓட்டில் விரிசல் விழும். மல்லாத்தி வயிற்றைக் காட்டுவது வேண்டாம். நுரையீரல் முதுகுப்பக்க ஓட்டை ஒட்டி இருப்பதால், மல்லாந்தால் குடல் எல்லாம் அதன்மேல் அழுந்தும். நாற்பது பேர் வரிசையில் நின்று தொடுவதும் வேண்டாம். பார்க்கட்டும், போதும்.

கை கழுவுவதில் மட்டும் நான் கறாரான ஆள். நன்றாக இருக்கும் ஆமையின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஆமைக்கு ஒன்றும் செய்யாது, பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். இதனால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குட்டிகளை விற்க 1975லேயே தடை போட்டார்கள். தொட்டாலும், தொட்டித் தண்ணீரில் விரல் விட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தத் தொட்டியைச் சத்துணவுப் பாத்திரம் கழுவும் இடத்தில் கழுவக் கூடாது. அங்கன்வாடிக் குழந்தைகள், ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள், தொடவே வேண்டாம்.

பார்த்துக்கொள்ள முடியவில்லை என்றால் குளத்தில் விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. கடையில் வாங்கும் இந்த ஆமை நம் ஊர் ஆமை அல்ல. முப்பது வருஷம் கூட வாழும், குளத்தில் இருக்கும் பாலாமையின் தீனிக்கும் இடத்துக்கும் போட்டியாக வந்து நிற்கும்.

அந்த நாலாம் வகுப்பு ஆமைக்கு ஊசி, கால்சியம், புறஊதா விளக்கு, கீரை என்று இரண்டு மாதம் ஆனது கண் திறக்க. லீவுக்கு யார் வீட்டில் இருக்கும் என்பதைக் கூட எழுதி ஒட்டியிருக்கிறார்கள். திங்கள்தோறும் எடை போட ஒரு நோட்டும் போடச் சொல்லியிருந்தேன். போன வாரம் டீச்சரிடமிருந்து போன். "டாக்டர், போன திங்களுக்கு இந்தத் திங்கள் எட்டு கிராம் கொறஞ்சிருக்குதுங்க. பசங்க உங்ககிட்ட உடனே சொல்லச் சொல்றாங்க."

சாயங்காலமே கொண்டுவாங்க என்றேன்.