லொட்டி: கோப்பா, ஓட்டியா, அசைவா?

வலைப்பக்கங்களிலும் செயலிகளிலும் சிறு அசையும் படங்களை ஓட்ட லொட்டி பயன்படுகிறது. "லொட்டி ஓடுதில்லை" என்று முறைப்பாடு வந்தால், எது ஓடவில்லை என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கோப்பு இறங்கவில்லையா, அதை வாசித்து வரையும் நிரல் ஏற்றப்படவில்லையா, இரண்டும் வந்தும் படம் அசையாமல் நிற்கிறதா? மூன்றையும் நாம் ஒரே சொல்லால் சொல்கிறோம். பிழை தேடும் நேரத்தில் பாதி இந்தக் குழப்பத்திலேயே போய்விடும்.

லொட்டி ஓர் ஆளின் பெயர். பெர்லினில் பிறந்த லொட்டே ரைனிகர் (1899–1981) கறுப்பு அட்டையில் உருவங்களை வெட்டி, கை கால் மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, பின்னிருந்து ஒளி வரும் கண்ணாடியில் கிடத்தி, சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடித்தார். 1926இல் வெளிவந்த அவருடைய முழுநீளப் படமே இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களில் மிகப் பழையது. நம்முடைய தோற்பாவைக் கூத்திலும் இதே வேலைதான்: பாவையை ஒருமுறை வெட்டினால் போதும், பிறகு மாறுவதெல்லாம் அதன் நிலையும் சாய்வுமே. 2017இன் தொடக்கத்தில் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஓர் அசைவூட்ட நிரலகத்தை (லைப்ரரி) வெளியிட்ட ஏர்பிஎன்பி நிறுவனம் இவர் பெயரை அதற்கு வைத்தது. வலைக்கான வேலை அதற்கு முன்பே நடந்திருந்தது. எர்னான் டொரிசி எழுதிய பொடிமூவின் என்ற கருவி, அசைவூட்ட மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்த அசைவை ஜேசன் என்னும் தரவுக் கோப்பாக ஏற்றுமதி செய்து உலாவியில் ஓட்டியது. கோப்பை வாசித்து வரையும் அதன் ஓட்டிதான் இன்று லொட்டி-வெப் எனப்படுகிறது.

ஆட்பெயர் என்பதால் மொழிபெயர்க்க வேண்டியதில்லை, ஒலிபெயர்த்தால் போதும். சென்னையில் 'லாட்டி' என்று எழுதுவார்கள். லொறி, டொக்டர், கொப்பி என்று எழுதிப் பழகிய திருகோணமலையில் 'லொட்டி' என்பதே இயல்பு. பழைய ஈழ வழக்கில் 'லொற்றி' என்றும் எழுதலாம், தவறில்லை. ஆனால் தேடும்போது அகப்படாது.

பெயரை விட்டு விளக்கச் சொற்களுக்கு வருவோம். வெக்டருக்கு இலங்கைப் பாடநூல்கள் தரும் சொல் காவி. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த யாருக்கும் இது தெரியும். லத்தீனில் வெக்டர் என்றால் சுமப்பவர். 'காவிக்கொண்டு போ' என்று நாம் சொல்லும் அதே வினை. சொல்லாக்கம் அருமை. என்றாலும் 'காவி அசைவூட்டம்' என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் துறவியின் வேட்டியைத்தான் நினைப்பார். அங்கே திசையன் என்பது வழக்கு. எல்லோருக்கும் எழுதும்போது திசையன், இங்கே வகுப்பில் காவி என்று வைத்துக்கொள்ளலாம். பொருள் ஒன்றுதான்: படத்தைப் புள்ளிச் சதுரங்களாக அல்லாமல், ஆயங்களாலும் வளைகோடுகளாலும் குறித்து வைப்பது. அதனால் எத்தனை மடங்கு பெருப்பித்தாலும் விளிம்பு கலங்காது.

அனிமேஷனின் வேர் உயிர், மூச்சு என்னும் பொருளுள்ள லத்தீன் சொல். உயிரூட்டம் என்றால் வேருக்கு நெருக்கம், அசைவூட்டம் என்றால் வேலைக்கு நெருக்கம். அசைவூட்டம் நிலைத்துவிட்டது, அதை மாற்றக் காரணம் இல்லை. நிரல் எழுதுவோர் லைப்ரரி என்பதை நிரலகம் என்றால் புத்தகசாலையோடு குழப்பம் வராது. பிளேயருக்கு 'இயக்கி' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் பிரிண்டர் டிரைவருக்குப் போய்விட்டது, ஆகவே 'ஓட்டி' என்பதே தெளிவு. லொட்டிக் கோப்பு, லொட்டி ஓட்டி, அசைவூட்டம் என மூன்றையும் பிரித்துச் சொன்னால் முறைப்பாடே பாதி விடையாகிவிடும்.

கோப்பைத் திறந்து பார்ப்போம். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு பதியும் ஒரு வலைச்செயலி. பதிவு உறுதியாகும் வரை திரையில் ஒரு வள்ளம் அலையில் ஆடுகிறது. கோப்பின் தலையில் 'எஃப்ஆர்' 30, 'ஐபி' 0, 'ஓபி' 120 என்று இருக்கும். நொடிக்கு 30 பிரேம், தொடக்கம் 0, முடிவு 120, ஆக 4 நொடி. அகலமும் உயரமும் அதன் பக்கத்திலேயே. கீழே அடுக்குகள், வகை எண் 4 என்றால் வடிவ அடுக்கு, 2 என்றால் படம், 5 என்றால் எழுத்து. வள்ளத்தின் சுழற்சிக்கு மூன்று சாவிப்பிரேம் (நிலையை நாமே குறித்துவைக்கும் பிரேம்) போதும்: 0இல் −4 பாகை, 60இல் +4, 120இல் மறுபடி −4. இடைப்பட்ட நிலைகளை ஓட்டியே கணக்கிடுகிறது. 120 பிரேமுக்கும் 120 படம் வைக்க வேண்டியிருந்தால் கோப்பு எவ்வளவு வீங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டும் இந்த வள்ளத்திலேயே உண்டு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் புதிதாக வரைந்த வடிவ அடுக்கின் நங்கூரப் புள்ளி, அதாவது அது சுழலும் மையம், திரையின் நடுவில் இருக்கும். வள்ளம் கீழே இருந்தால் அது அலையில் ஆடாது, ஊஞ்சல்போல் தொங்கி வீசும். ஒய் விசையை அழுத்தி, புள்ளியை வள்ளத்தின் அடிப்பாகத்துக்கு இழுத்துவிட்ட பிறகே சுழற்சி கொடுக்க வேண்டும். அடுத்தது அலை. சீரான வேகத்தில் நகரும் அலைக்குக் கடைசிச் சாவியை 119இல் வைத்தால், முதல் பிரேமும் கடைசிப் பிரேமும் ஒன்றாகி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் தடக்கும். 'ஓபி' எண்ணுக்குரிய பிரேம் காட்டப்படுவதில்லை. சாவியை 120இல் வைத்தால் தடக்கல் போய்விடும்.

இலஸ்ட்ரேட்டர் என்னும் வரைகலை மென்பொருளில் வரைந்து கொண்டுவந்த அடுக்குகளை வடிவ அடுக்காக மாற்றாமல் ஏற்றுமதி செய்தால் அவை சாதாரணப் படங்களாகப் போகும். அவற்றைக் கோப்புக்குள்ளேயே பேஸ்64 ஆக (படத்தை எழுத்துத் தொடராக்கி) பொதிந்தால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். பொதியாமல் விட்டால் படக் கோப்புறையைச் சேவையகத்தில் வைக்க மறந்து, வெற்று அலை மட்டும் ஓடும். தமிழ் எழுத்து தனித் தொல்லை. எழுத்து அடுக்கை எழுத்துருக்களாக ஏற்றுமதி செய்தால் எழுத்துகள் தனித்தனியாக வைக்கப்படும். 'கொட்டியாரம்' என்பதில் ஒகரக் குறியின் இரு பாதியும் இடம் தவறிச் சிதறும். முதலில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றி, சொல் சரியாகத் தெரிவதை உறுதிசெய்து, பிறகு எழுத்தை வடிவமாக மாற்றுங்கள். அல்லது எழுத்தைக் கோப்பில் சேர்க்காமல் வலைப்பக்கத்தின் எச்டிஎம்எல்லில், அசைவின் மேலே வையுங்கள். நாங்கள் இரண்டாவதையே சொல்வோம், திருத்தம் வந்தால் கோப்பைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

லொட்டிக்குச் சூட்டப்படும் 'இலகுவான நிரலகம்' என்ற அடைமொழியை அப்படியே நம்ப வேண்டாம். இலகு கோப்புக்குத்தான் பொருந்தும். லொட்டி-வெப்பின் முழுப் பதிப்பு சுருக்கிய நிலையிலும் ஏறத்தாழ 300 கிலோபைட். கடற்கரையில் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் போனுக்கு அது பாரம். ஏறக்குறைய அதில் பாதி எடையுள்ள 'லைட்' பதிப்பு இருக்கிறது. உலாவியின் திசையன் பட வகையான எஸ்விஜியில் மட்டும் வரையும், எக்ஸ்பிரஷன்களை (ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அசைவுக்கு எழுதும் சிறு நிரல்கள்) ஓட்டாது. பெரும்பாலான வேலைக்கு அது போதும். இன்னொரு பயனும் உண்டு: முழுப் பதிப்பு எக்ஸ்பிரஷனுக்காக, எழுத்தை நிரலாக ஓட்டும் 'இவால்' கட்டளையைப் பயன்படுத்துவதால், கடுமையான உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை (எந்த நிரல் ஓடலாம் என்று தளம் விதிப்பது) உள்ள தளங்களில் உலாவி அதைத் தடுக்கும். சுற்றும் வட்டம் ஒன்றுதான் தேவை என்றால் லொட்டியே வேண்டாம், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் நாலு வரி போதும்.

ஓட்டியை அழைக்கும்போது ஐந்து விவரம் கொடுக்க வேண்டும்: எந்தப் பெட்டிக்குள், எந்த முறையில் வரைய, திரும்பத் திரும்பவா, தானாகத் தொடங்கவா, கோப்பு எங்கே. பெட்டிக்கு உயரம் கொடுக்காவிட்டால், கோப்பு வந்ததும் பக்கம் குதிக்கும். அசைவு முடிந்ததை அறிவிக்கும் 'கம்ப்ளீட்' நிகழ்வுக்காகக் காத்திருந்து அடுத்த திரைக்குப் போக எண்ணினால் திரும்ப ஓடுவதை ('லூப்') நிறுத்தியிருக்க வேண்டும்; 'லூப்' இயங்கும் வரை அந்த நிகழ்வு வராது. பக்கத்தைக் கூறு கூறாகக் கட்டும் ரியாக்ட் நிரலகத்தில், கூறு நீங்கும்போது ஓட்டியை அகற்றும் 'டிஸ்ட்ராய்' கட்டளையை அழைக்காவிட்டால், பயனர் பக்கம் மாறிய பின்னும் வள்ளம் பின்னால் ஆடிக்கொண்டே இருக்கும், மின்கலம் கரையும். உருவாக்க நிலையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வள்ளம் தெரிந்தால் காரணம் ரியாக்டின் சோதனை முறையான ஸ்ட்ரிக்ட் மோட்: அது கூறை இருமுறை ஏற்றுகிறது, முதலாவது துடைக்கப்படவில்லை.

'டொட்லொட்டி' என்பது வேறு கோப்பு வகை. ஜேசனையும் படங்களையும் விவரப் பட்டியல் ஒன்றோடு சேர்த்துச் சிப் பண்ணிய பொதி அது. அதை லொட்டி-வெப் நேரடியாக வாசிக்காது, தனி ஓட்டி வேண்டும். அந்த ஓட்டி வெப்அசெம்பிளியில் (உலாவியில் ஓடும் தொகுத்த நிரல்) இயங்கி, பக்கத்தின் வரைபரப்பான கேன்வாஸில் வரைகிறது; வெப்அசெம்பிளிக் கோப்பை இயல்பாக வெளிச் சேவையகத்திலிருந்து எடுக்கிறது. அலுவலக வலையமைப்பு அதைத் தடுத்தால் வெற்றுக் கட்டமே மிஞ்சும். அந்தக் கோப்பைச் சொந்தத் தளத்தில் வைத்து, அதன் முகவரியை ஓட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். அதோடு, அசைவைக் குறைக்கச் சொல்லிப் போனில் அமைத்திருப்பவர்களுக்கு லொட்டி-வெப் தானாக நிற்காது. அந்த அமைப்பை நீங்களே சோதித்து, பொருத்தமான ஒரு பிரேமில் நிறுத்திக் காட்ட வேண்டும். நம் வள்ளத்துக்கு 30ஆம் பிரேம் பொருந்தும், அங்கே சாய்வு பூச்சியம்.