குழாய்க்கும் வாய்க்கும் நடுவில்

கிராமங்களில் தண்ணீர்ப் பரிசோதனைக்குப் போனால் இரண்டு இடத்தில் மாதிரி எடுப்பேன். ஒன்று குழாயடியில், இன்னொன்று வீட்டுக் குடத்தில். குழாயில் சுத்தமாக வந்த தண்ணீர், குடத்தில் கிருமியோடு இருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். காரணம் தெரிய சமையலறை வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். வெளியே விளையாடிய குழந்தை ஓடி வருகிறது, மூடியைத் தள்ளுகிறது, டம்ளரை உள்ளே விட்டு மொள்ளுகிறது. டம்ளரோடு நான்கு விரலும் நனைகின்றன. அவ்வளவுதான்.

குளோரின் போட்டால் அரை மணி நேரம் விட வேண்டும். அதற்குப் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிச்சம் நிற்க வேண்டும். இப்படி விரல் படும்போது காவல் காப்பது அந்த மிச்சம்தான். கலங்கல் தண்ணீரில் போட்டால் அது அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். முதலில் தெளிய வைக்க வேண்டும். காய்ச்சினால்? தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் கிருமி சாகும், சரி. ஆனால் ஆறிய தண்ணீருக்குக் காவல் எதுவும் கிடையாது. அதனால் எந்த வடிகட்டி வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், முதலில் அடியில் குழாய் வைத்த ஒரு மூடிய பாத்திரம் வாங்குங்கள் என்பேன். சிலருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

கழிப்பறை விஷயத்தில் நானே சறுக்கியிருக்கிறேன். இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு நேரத்தில் ஒரு குழிதான் வேலை செய்ய வேண்டும். அது நிரம்பியதும் வழியை அடைத்து மற்றதற்குத் திருப்பிவிடுவோம். மூடிய குழி ஒன்றரை, இரண்டு ஆண்டு சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது மக்கி மண் போலாகிவிடும். ஆரம்ப நாட்களில் ஒரு வீட்டில், கழிவை இந்தக் குழிக்கோ அந்தக் குழிக்கோ திருப்பிவிடும் பிரிவுத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்காமலே வேலை முடிந்ததென்று எழுதிக்கொடுத்தேன். இரண்டு வழியும் திறந்தே இருந்திருக்கின்றன. இரண்டு குழியும் ஒரே சமயத்தில் நிரம்பின. கழிவு உறிஞ்சும் வண்டி வரப் பாதையும் இல்லை. அந்த வீட்டார் பழையபடி வெளியே போக ஆரம்பித்தார்கள். ஒரு செங்கல்லும் ஒரு கைக் கலவையும் இருந்தால் தீர்ந்திருக்கும். இப்போதெல்லாம் மூடியைத் திறக்கச் சொல்லி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பேன்.

அடுப்புப் புகையை யாரும் நோயாக எண்ணுவதில்லை. வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. புகை என்பது முழுதாக எரியாத விறகு. ஈர விறகும், அடியிலிருந்து காற்றுப் புகாத அடுப்பும் அதைக் கூட்டும். நன்கு காய்ந்த விறகை ஒல்லியாகப் பிளந்து, கம்பித் தட்டின்மேல் வைத்தாலே நிறையக் குறையும்.

இத்தனையும் தெரிந்து மேம்பட்ட அடுப்பு கொடுத்தாலும், பல வீடுகளில் அது மூலையில் தூசியோடு கிடக்கிறது. பழைய அடுப்புதான் எரிகிறது. சமைக்கும் பெண்களிடம் கேட்டால் பெரிய பாத்திரம் அதில் நிற்காது, சின்ன வாய்க்குள் நுழைய விறகை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். அதனால் இப்போது அடுப்பைப் பற்றிப் பேசும் முன் வீட்டிலிருக்கும் மிகப் பெரிய பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்கிறேன். அப்புறம் ஆண்களைப் பார்த்து ஒரு கேள்வி: விறகை யார் பிளப்பீர்கள்?