‘ரான்செரியா’வைப் பண்ணை ஆக்காதீர்கள்

கலிபோர்னியாவின் போமோ பழங்குடியினரைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் நடுவில் ஒரு ‘பண்ணை’ முளைத்துவிடுகிறது. ‘ராபின்சன் ரான்செரியா’ என்ற ஊர் ‘ராபின்சன் பண்ணை’யாம். படிப்பவர் மாடு, வைக்கோல், வேலி என்று நினைத்துக்கொள்வார். இன்னும் மோசம் ‘கிராட்டன் பண்ணை இந்தியர் கூட்டமைப்பு’. அமெரிக்காவில் விவசாயம் பார்க்கும் நம்மூர்க்காரர்களின் சங்கம் போல ஒலிக்கிறது. உண்மையில் அது தென் போமோ, கடற்கரை மிவோக் மக்களின் பழங்குடி அரசு.

‘ரான்செரியா’ என்ற சொல் ஸ்பானியம். ‘ராஞ்சோ’ குடிசை, முகாம். ‘ரான்செரியா’ குடிசைக் கூட்டம். பழங்குடி ஊர்களை ஸ்பானியர் இப்படித்தான் குறித்தார்கள். ‘ராஞ்சோ’விலிருந்தே வந்த ஆங்கில ‘ராஞ்ச்’ மாட்டுப் பண்ணைப் பக்கம் போனது. நம் மொழிபெயர்ப்பாளர் பிடித்துத் தொங்குவது அந்தக் கிளையை.

கலிபோர்னியாவில் சொல்லுக்குச் சட்டப் பொருள் வந்தது பின்னால். 1851-52இல் பழங்குடிகளோடு செய்த 18 ஒப்பந்தங்களை அமெரிக்க செனட் ஏற்கவில்லை. 1905 வரை அவற்றை வெளியேகூட விடவில்லை. நிலமின்றி நின்றவர்களுக்காக 1906 முதல் ஒன்றிய அரசு துண்டு நிலங்களை வாங்கியது. கிராட்டனில் சுமார் 15 ஏக்கர். காஷாயா போமோக்களுக்கு 40 ஏக்கர். பத்திரம் அரசின் பேரில், குடியிருப்பு மக்களுடையது. அதற்கு முன்பே, 1881இல், யூக்கையா நகருக்கு அருகே போமோக்கள் தாங்களே பணம் திரட்டி 120 ஏக்கர் வாங்கினார்கள். அதற்கும் பெயர் ரான்செரியாதான்.

பண்ணை வேண்டாம் என்றால் அடுத்து வருவது, பழங்குடி நிலத்தைக் குறிக்கும் ஆங்கில ‘ரிசர்வேஷ’னை அப்படியே பெயர்த்த ‘இட ஒதுக்கீடு’. ‘போமோக்கள் இட ஒதுக்கீட்டில் வாழ்கிறார்கள்’ என்று அச்சேறிய பிறகு திருத்திப் பயனில்லை. ‘காப்பக’மும் ஆகாது; புலிக்கும் மானுக்கும் கொடுத்துவிட்ட சொல்லை மனிதர்மேல் போட வேண்டாம்.

வாதாட வேண்டியது ‘சேரி’யோடு. ரான்செரியாவுக்குள்ளேயே சேரி ஒளிந்திருக்கிறது என்று தனித்தமிழ் அன்பர்கள் பூரித்துப்போகிறார்கள். ஓசை ஒப்புமை வெறும் தற்செயல், அதை விடுவோம். சேர்ந்து வாழும் இடம் என்பதே பழைய பொருள், வேளச்சேரியில் இழிவு உண்டா என்று கேட்கிறார்கள். ஊர்ப்பெயரில் இல்லைதான். ஆனால் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டிலேயே கம்மாணச்சேரியோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வந்துவிட்டன. ஆயிரம் ஆண்டுகளாக ஏறிய கறையை அகராதியின் முதல் பொருளைக் காட்டிக் கழுவ முடியாது. இன்றைய வாசகர் ‘போமோ சேரி’ என்று படித்தால் அவர் மனதில் எழுவது ஒன்றுதான். தூய்மை வேண்டும், ஆனால் பொருளைப் பலிகொடுத்து அல்ல.

சேரி தோற்பதற்கு இன்னும் பெரிய காரணம் உண்டு: அது இடத்தை மட்டுமே சொல்கிறது. கலிபோர்னியாவில் ரான்செரியா இடமும்தான், அங்கே வாழும் சமூகமும்தான். 1958ஆம் ஆண்டுச் சட்டம் 41 ரான்செரியாக்களைக் கலைக்க வழி செய்தது. சாலை, தண்ணீர் வசதிகளைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, நிலத்தைக் குடியிருந்தவர்களுக்குப் பிரித்துப் பத்திரம் தருவது ஏற்பாடு. பல இடங்களில் வசதி வரவில்லை, நிலவரி வந்தது. கட்ட முடியாமல் நிலம் கைமாறியது. நிலத்தோடு பழங்குடி என்ற அங்கீகாரமும் போனது. பைனோல்வில் போமோவான டில்லி ஹார்ட்விக் தொடர்ந்த வழக்கில், 1983இல் 17 ரான்செரியாக்கள் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றன. கிராட்டனுக்கு அங்கீகாரம் மீண்டது 2000இல், நாடாளுமன்றச் சட்டத்தால். அப்போது அந்தப் பழைய 15 ஏக்கர் பழங்குடி வசம் இல்லை. நிலம் போன பிறகும் ரான்செரியா இருந்தது என்றால், அது எப்படிப் பண்ணையாகும், எப்படிச் சேரியாகும்?

இந்த இரட்டைப் பொருளைத் தாங்குவது ‘குடி’. மக்களும் குடி, அவர்கள் வாழும் ஊரும் குடி, காரைக்குடி இருக்கிறதே. பொதுச்சொல்லாகக் ‘குடி’, நிலத்தை மட்டும் சொல்லும்போது ‘குடிநிலம்’. அதிகாரப்பூர்வப் பெயர் வரும் இடத்தில் ‘ரான்செரியா’வை அப்படியே விட்டு, முதல்முறை மட்டும் விளக்கினால் போதும். ‘இந்தியர்’ வரும் இடத்தில் ‘பழங்குடியினர்’ என்று போடுங்கள்.

கிளியர் ஏரிக்கரையில் பாதரசச் சுரங்கக் கழிவை ஒட்டி வாழும் எலெம் போமோக்களின் ஊர்ப்பெயரில் ‘காலனி’ என்று இருக்கிறது. அதைக் ‘குடியேற்றம்’ ஆக்கினால், பல்லாயிரம் ஆண்டு அங்கேயே இருந்தவர்கள் வந்தேறிகளாகிவிடுவார்கள். அங்கும் ‘எலெம் குடி’ என்றே எழுதலாம்.