சிங்கப்பூர் – நியூயார்க்: கிலோமீட்டரை வைத்துப் பயண நேரத்தைக் கணக்கிடலாமா?

பயணச்சீட்டுப் பதிவு செய்யும் தொழிலில் இருக்கும் எங்களிடம், தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்துப் பயண நேரத்தைத் தாங்களே முடிவு செய்துகொண்டு வருபவர்கள் உண்டு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் 17 மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. இடைநில்லா விமானத்தின் அட்டவணையோ பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல் காட்டும்.

வகுத்ததில் பிழையில்லை. ஆனால், அந்த 15,350 என்பது பூமியின் மேற்பரப்பில் வரையக்கூடிய மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம்; அது வட துருவப் பகுதியை ஒட்டிச் செல்கிறது. நியூயார்க் செல்லும் விமானங்களோ அதைவிட நீண்டதானாலும் வட பசிபிக்கைக் கடக்கும் பாதையையே பெரும்பாலும் நாடுகின்றன. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னிருந்து தள்ளுவதால், கூடுதல் தூரம் பறந்தும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகலாம். மேலும், அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் சேருமிடத்தில் வந்து நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

 

இதைவிடப் பெரிய குழப்பம் கடிகாரத்தால் வருகிறது. குளிர்காலத்தில் சிங்கப்பூர் நேரம் நியூயார்க்கைவிட 13 மணி நேரம் முன்னால் இருக்கும். மார்ச் முதல் நவம்பர் வரை அமெரிக்கா கடிகாரத்தை மாற்றி வைத்துக்கொள்வதால் வித்தியாசம் 12 ஆகும். ஓர் உதாரணமாக, ஜனவரியில் சனிக்கிழமை இரவு 11.55-க்குப் புறப்பட்டு 18 மணி 50 நிமிடம் பறந்தால், நியூயார்க்கில் ஞாயிறு காலை 5.45 ஆகியிருக்கும். சீட்டைப் பார்ப்பவருக்கு ஆறு மணி நேரப் பயணம் போலத் தோன்றும். திரும்பும்போது நேர்மாறு: சனி இரவு 10.30-க்கு ஏறினால் திங்கள் காலை 6.20-க்குத்தான் சாங்கி. வரவேற்க வரும் உறவினர் ஞாயிறன்றே வந்து நிற்பது இதனால்தான். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இந்த உள்ளூர் நேரங்களை நம்பி வேளைகளைக் கணக்கிடாமல், மொத்தப் பயண நேரத்தை மருத்துவரிடம் கூறி, வேளைகளை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவுக்குள் மேலும் பறக்க வேண்டியவர்கள், இறங்கிய முதல் விமான நிலையத்திலேயே குடிநுழைவுச் சோதனையை முடித்து, பெட்டிகளை எடுத்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குமாறு நான் சொல்வது வழக்கம். அடுத்த விமானம் நியூஜெர்சியின் நியூவார்க்கிலிருந்து புறப்படுகிறதா என்பதையும் சீட்டில் பாருங்கள். கென்னடியிலிருந்து அங்கே செல்ல நகரத்தின் நெரிசலைக் கடந்தாக வேண்டும் என்பதால், மூன்று மணி நேர இடைவெளி அப்போது போதாது.