மட்டையை நிறுத்தும் மூளை

2016 ஆகஸ்டில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்கு அறிமுகமான ஆரன் ஜட்ஜ், முதல்முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்தார். பிறகு ஒரே சறுக்கல். 27 ஆட்டங்களில் 42 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து ஆட்டமிழப்பது), சராசரி .179, அதாவது நூறு முயற்சியில் சுமார் பதினெட்டுதான் பலித்தது. அந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டுதான் 2017-ல் சீசனுக்கு முந்தைய வசந்தகாலப் பயிற்சிக்கு ஃப்ளோரிடாவின் டாம்பாவுக்கு வந்தார். வலது களத்தில் அவர் ஆடுவாரா என்பதே மார்ச் இறுதி வரை முடிவாகவில்லை. அந்த ஆண்டு 52 ஹோம் ரன் அடித்தார் என்பது பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிட வியப்பு, அவர் எடுத்த 127 வாக். மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அந்த ஆண்டு வேறு யாரும் அத்தனை எடுக்கவில்லை.

பேட்டர் நிற்கும் இடத்தருகே தரையில் பதித்த பலகைதான் ஹோம் பிளேட். அதன் அகலம் 17 அங்குலம். அதன் மேலே, முழங்காலின் அடியிலிருந்து ஏறத்தாழ மார்பின் நடுப்பகுதி வரை உள்ள வெளிதான் ஸ்ட்ரைக் மண்டலம். அதற்குள் வரும் பந்தை விட்டாலோ, மட்டையைச் சுழற்றித் தவறவிட்டாலோ ஒரு ஸ்ட்ரைக். மண்டலத்துக்கு வெளியே வரும் நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டால், பேட்டர் முதல் பேஸுக்கு, அதாவது ஓட்டப் பாதையின் முதல் நிலைக்கு, நடந்தே போகலாம். அதுதான் வாக். டெஸ்ட் கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடுவதைப் போன்றதுதான். ஆனால் இங்கே விடுவதற்குப் பரிசும் உண்டு.

விடுவது சுலபமில்லை. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து, பந்து வீசும் பிட்சரின் கையிலிருந்து பிளேட்டை அடைய சுமார் 0.4 வினாடி எடுக்கும். மட்டையைச் சுழற்றவே ஏறத்தாழ 0.15 வினாடி வேண்டும். கண் பார்த்தது மூளையில் பதியவும், மூளையின் கட்டளை தசைக்குப் போகவும் ஆகும் நேரத்தையும் கழித்தால், பந்து பாதி வழியைத் தாண்டும் முன்பே முடிவெடுத்தாக வேண்டும். கடைசிச் சில அடிகளில் பந்தைத் தொடர்வது கண்ணால் ஆகாது. பந்து கடக்கும் கோணவேகம் விழியின் வேகத்தை மிஞ்சிவிடும்.

இவ்வளவு குறைந்த நேரத்தில் ‘பார்த்துவிட்டு அடிக்கலாம்’ என்று காத்திருக்க வழியே இல்லை. அதனால் நல்ல பேட்டர் எல்லாப் பந்துக்கும் அடிக்கவே தொடங்குகிறார். காலைத் தூக்கி வைக்கிறார், இடுப்பு திரும்பத் தயாராகிறது. பந்து மண்டலத்துக்கு வெளியே போகும் என்று தெரிந்த கணத்தில் நிறுத்துகிறார். நாம் பொறுமை என்று சொல்வது, உண்மையில் மிக வேகமான ஒரு பிரேக்.

மூளையில் ‘அடி’ என்ற கட்டளையும் ‘நிறுத்து’ என்ற கட்டளையும் பந்தயம் ஓடுகின்றன என்பது உளவியலில் நிலைபெற்ற கருத்து. முன்மூளையின் வலது கீழ்ப்பகுதியும், மூளையின் ஆழத்தில் உள்ள சில சிறு முடிச்சுகளும் சேர்ந்து பிரேக் போடுகின்றன. அந்தக் கட்டளை தாமதமானால் மட்டை பாதி சுழன்றுவிடும், பிறகு திரும்பப் பெற முடியாது. ஆகவே பேட்டர் வளர்த்துக்கொள்ள வேண்டியது மனஅடக்கம் மட்டுமல்ல, பந்தை முன்கூட்டியே படிக்கும் திறமையும்தான். பிட்சரின் கை எந்த உயரத்தில் பந்தை விடுகிறது, சிவப்புத் தையல் எப்படிச் சுழல்கிறது என்பவை தடயங்கள். பக்கவாட்டில் வளையும் சில ‘ஸ்லைடர்’ பந்துகளில் அந்தத் தையல் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரியும் என்று பேட்டர்கள் சொல்வார்கள். தடயம் சீக்கிரம் பிடிபட்டால் பிரேக்குக்கு நேரம் கிடைக்கும்.

இதைப் பழக வசந்தகாலப் பயிற்சியைப் போல் ஏற்ற காலம் வேறில்லை. அப்போது பிட்சர்கள் பயிற்சிக்காக வீசும்போது, பேட்டர்கள் மட்டையுடன் பிளேட் அருகே வெறுமனே நின்று பார்ப்பார்கள். ஒரு பந்தையும் அடிக்கமாட்டார்கள். பார்ப்பதே பாடம். ஆட்டங்களின் முடிவும் கணக்கில் சேராது என்பதால், சந்தேகமான பந்தை விட்டு ஸ்ட்ரைக் வாங்கினாலும் அணிக்கு நஷ்டமில்லை. தன் இடத்துக்கே போராடும் வீரருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அவருக்கு ஒவ்வொரு ஆட்டமும் தேர்வுதான்.

மார்ச் மாதச் சராசரியை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஐம்பது, அறுபது முறை மட்டை பிடிப்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிக அதிகம். வெளியே போகும் பந்துகளில் எத்தனையைத் துரத்துகிறார் என்று பாருங்கள். அந்த எண் சீக்கிரமே நிலைபெறும்.

பொறுமைக்கு விலையும் உண்டு. 2017-ல் ஜட்ஜ் 208 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அதிலும் அமெரிக்கன் லீக்கில் அவருக்கே முதலிடம். நிறையப் பந்துகளைப் பார்ப்பவர், இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த நிலைக்கும் அடிக்கடி போய்ச் சேருவார். அங்கே சந்தேகமான பந்தை விடவும் முடியாது.