முப்பது செ.மீ. ஸ்கேலுக்குள் ஒரு கடிகாரம்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "2018-இல் மேற்கிந்தியத் தீவுகளின் கீமோ பாலை தோனி 0.08 நொடியில் ஸ்டம்பிங் செய்ததாகப் படித்தேன். மனிதக் கை அவ்வளவு வேகமாக இயங்குமா?"

அருமையான கேள்வி. தோனியின் கைக்குப் போவதற்கு முன் உங்கள் கையை அளந்துவிடுவோம். ஒரு 30 செ.மீ. ஸ்கேலும் ஒரு நண்பரும் போதும்.

நண்பர் ஸ்கேலின் மேல்நுனியைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும், பூஜ்யம் கீழே இருக்கும்படி. உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பூஜ்யக் கோட்டுக்கு இரு பக்கமும் ஸ்கேலைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். கையை மேஜைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதுவும் ஸ்கேலோடு கீழே இறங்கிவிடும். நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் விடுவார். நீங்கள் பிடித்த இடத்தில் எத்தனை செ.மீ. என்று பாருங்கள். பத்து முறை செய்து சராசரி எடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 15 முதல் 25 செ.மீ. வரும்.

சரி, செ.மீ. எப்படி நொடியாகும்? தூரத்தை மீட்டரில் எழுதி, 2-ஆல் பெருக்கி, 9.8-ஆல் (புவியீர்ப்பால் விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் கூடும் அளவு) வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் நேரம் கிடைத்துவிடும். 20 செ.மீ. என்றால் சுமார் 0.2 நொடி. வழக்கமாக இந்தச் சோதனை இங்கேயே முடிந்துவிடும். எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

ஒரு காகிதப் பட்டையை ஸ்கேலில் ஒட்டி, ஒவ்வொரு 0.05 நொடிக்கும் ஒரு கோடு போடுங்கள். கோடுகள் 1.2, 4.9, 11, 19.6 செ.மீ.-இல் விழும். ஐந்தாவது கோடு 30.6-இல், ஸ்கேலையே தாண்டிவிடும். இப்போது இடைவெளிகளைக் கவனியுங்கள்: 1.2, 3.7, 6.1, 8.6. முதல் இடைவெளியை ஒரு பங்கு என்று வைத்தால் மற்றவை 3, 5, 7 பங்கு. வரிசையாக ஒற்றைப்படை எண்கள்!

ஏன் ஒற்றைப்படை? விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு 0.05 நொடியிலும் ஒரே அளவு கூடுகிறது. அந்தக் கூடுதலை 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டில் வேகம் 0-இல் தொடங்கி 2-இல் முடிகிறது, சராசரி 1. அடுத்ததில் 2-இலிருந்து 4, சராசரி 3. அப்புறம் 4-இலிருந்து 6, சராசரி 5. ஒற்றைப்படை எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்கள் வரும். தூரம் = ½ × 9.8 × நேரம்² என்ற சூத்திரத்தில் நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன 2 இங்கிருந்துதான் வருகிறது. நொடியைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரம் பரவலாக இல்லாத காலத்தில், சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி, ஒழுகிய நீரை எடைபோட்டு நேரம் அளந்து கலிலியோ கண்டறிந்த விதி இது. நானூறு ஆண்டுகள் கழித்து அதே விதியை ஒரு பிள்ளை தன் விரல்களுக்கு நடுவில் பார்க்கிறது.

பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் போகவில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு. ஆசிரியர்களே, பிள்ளைகளை வகுப்புக்கு இழுக்காமல் இந்த ஸ்கேல்களோடு நீங்கள் மைதானத்துக்குப் போங்கள்.

கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, தண்டுவடம் வழியாக விரலுக்குச் செய்தி போவதற்குத்தான் அந்த 0.2 நொடி. காதுக்கு இதைவிடக் குறைவான நேரமே தேவை. 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடியபோது, தொடக்கச் சத்தத்துக்கும் அவர் அசைவுக்கும் நடுவே 0.146 நொடி இருந்தது. உங்கள் ஸ்கேலில் அது 10.4 செ.மீ. ஓட்டப்பந்தயத்தில் 0.1 நொடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம். சத்தத்தைக் கேட்டு அவ்வளவு சீக்கிரம் கிளம்ப முடியாது, ஊகித்துக் கிளம்பியிருக்கிறார் என்பதே அந்த விதியின் கணக்கு.

தோனியின் 0.08 நொடிக்கு ஸ்கேலில் இடம் 3.1 செ.மீ. சொல்லாமல் விட்டால் அங்கே யாராலும் பிடிக்க முடியாது. இப்போது சோதனையைக் கொஞ்சம் மாற்றுங்கள். நண்பர் ஒரே தாளத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி, மூணு சொல்லும்போது விடட்டும். நாலைந்து முயற்சியில் 3 செ.மீ.க்குள் பிடித்துவிடுவீர்கள். சில முறை பூஜ்யத்திலேயே பிடிபடும். ஸ்கேல் நகர்வதைக் கண் பார்க்கும் முன்பே விரலுக்குக் கட்டளை கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டம்பிங்கிலும் நடப்பது இதுதான். பந்து, அதை வீசிய ஜடேஜாவின் கையைவிட்டுக் கிளம்பியதிலிருந்தே தோனி அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். அது கையுறையைத் தொடும்போது அடுத்த அசைவுக்கான கட்டளை ஏற்கெனவே வழியில் இருக்கிறது. பந்தைப் பிடிக்கும்போது மற்றவர்கள் கையைப் பின்னுக்கு இழுப்பார்கள். அவர் இழுப்பதில்லை, கை ஸ்டம்பை நோக்கியே போகிறது. 0.08 என்பது அந்தக் கடைசி நகர்வின் நேரம் மட்டும்.

சொல்லாமல் விட்டபோது ஒன்று, எண்ணி விட்டபோது ஒன்று என இரண்டு சராசரிகள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். இரண்டையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.